கை வலுவுக்குக் கருவி வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

ஐம்பதைத் தொட்டவங்க இருக்கிற வீட்டுக்கு, கைப்பிடி வலுவைக் கூட்டறதுக்குன்னு ஏதாவது வாங்கணும்னா, அந்த 'ஃ'புள்ளி மாதிரி மேல ஸ்பிரிங்கும் கீழ ரெண்டு காலுமா இருக்குமே, அதை மட்டும் முதல்ல வாங்காதீங்க. ரெண்டு கட்டைப்பை, கொஞ்சம் தண்ணி பாட்டில், ஒரு கொத்து ரப்பர் பேண்ட் போதும். அவ்ளோதான் பதிவு. ஆணி நிறைய இருக்கிறவங்க இப்படியே அப்பீட் ஆகிக்கலாம். மத்தவங்க உட்காருங்க, கொஞ்சம் நீளமா பேசப் போறேன் :-)

"நீயே பொட்டி தட்டறவன், இன்னும் முப்பதே ஆகல, நடுவயசுக்காரங்க கையைப் பத்தி உனக்கென்னய்யா தெரியும்?"னு கேக்கலாம். நியாயமான கேள்வி. நான் டாக்டரும் இல்ல, பிசியோதெரபிஸ்டும் இல்ல. ஆனா திண்டுக்கல்ல எங்க வீட்டுல ரெண்டு ஜோடிக் கை இருக்கு. அப்பாவுக்கு 56, அம்மாவுக்கு 52. இந்த ரெண்டு ஜோடியையும் போன ஒரு வருஷமா கவனிச்சுட்டு வர்றேன். இதுக்காகக் கொஞ்சம் படிச்சேன், கொஞ்சம் கேட்டேன், ஒரு நோட்டு போட்டு அளந்தும் பார்த்தோம். அதுல வந்த கருத்துதான் இது.

எதுக்கு இவ்ளோ கவலை?

2015-ல லான்செட் மருத்துவ இதழ்ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. 17 நாடுகள், கிட்டத்தட்ட 1,40,000 பேர், 35 வயசுலேர்ந்து 70 வயசு வரைக்கும். இந்தியாவும் அதுல ஒண்ணு. எல்லார் கையிலயும் ஒரு அளவுமானியைக் கொடுத்து "அமுக்குங்க"ன்னு சொல்லி கிலோக் கணக்குல குறிச்சுக்கிட்டாங்க. அப்புறம் நாலு வருஷம் போல அவங்களைத் தொடர்ந்து கவனிச்சாங்க. பிடி வலு 5 கிலோ குறைவா இருந்தவங்களுக்கு இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுதலா இருந்துச்சாம். ரத்த அழுத்தத்தோட மேல் எண்ணை வெச்சுச் சொல்றதை விட, இந்தக் கைப்பிடியை வெச்சு இன்னும் சரியா சொல்ல முடிஞ்சுதுன்னு எழுதியிருந்தாங்க.

இந்தச் செய்தியைத்தான் ஒரு கருவி விடாம எல்லா விளம்பரத்துலயும் போட்டுத் தாக்கறாங்க. "பிடி வலு கூடினா ஆயுள் கூடும், உடனே வாங்குங்க!" அங்கதான் எனக்குக் கொஞ்சம் உதைக்குது. கைப்பிடிங்கறது வண்டியில இருக்கிற பெட்ரோல் முள் மாதிரி. டேங்க்ல எவ்ளோ இருக்குன்னு அது காட்டும். முள்ளை மட்டும் விரலால மேல தள்ளி விட்டா டேங்க் நிரம்பிடுமா? உடம்புல மொத்தமா தசை குறையுது, நடை குறையுது, சாப்பாட்டுல பருப்பும் முட்டையும் குறையுது. அது கை வழியா தெரியுது. அதனால ஸ்பிரிங்கை அமுக்கி நூறு வயசு வரைக்கும் இருக்கலாம்னு யாராவது சொன்னா ஒரு கும்பிடு போட்டுட்டு நகர்ந்துடுங்க.

அப்போ கை வலு தேவையே இல்லையா? தேவைதான். ஆயுளுக்காக இல்ல, அன்னாடப் பொழப்புக்காக. குக்கர் மூடி, ஊறுகா பாட்டில், பஸ் கம்பி, தண்ணிக் குடம், மாடிப்படிக் கைப்பிடி, பேரப்பிள்ளை (எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல, அதனால இந்தக் கடைசி ஐட்டத்தை எங்கம்மா கண்ணுல காட்டிடாதீங்க). இது ஒவ்வொண்ணுக்கும் பிடி வேணும். ஒவ்வொண்ணுக்கும் வேற வேற பிடி வேணும். கருவி வாங்கறவங்க கோட்டை விடுறது இங்கதான்.

கை எப்படி வேலை செய்யுது?

விரலுக்குள்ள பெருசா தசையே கிடையாதுங்க. விரலை மடக்கற பெரிய தசைகள் எல்லாம் முழங்கைக்குக் கீழ, முன்கையில இருக்கு. அங்கேர்ந்து கயிறு மாதிரி தசைநாண்கள் மணிக்கட்டு வழியா ஓடி வந்து விரலை இழுக்குது. பொம்மலாட்டம்னு வெச்சுக்குங்க. ஆட்டறவர் மேல ஒளிஞ்சிருக்காரு, நாம பொம்மையை மட்டும் பாக்கறோம். கட்டைவிரலுக்குத்தான் உள்ளங்கையிலயே ஒரு சதை மேடு இருக்கு.

இப்பவே கீபோர்டுலேர்ந்து கையை எடுங்க. மணிக்கட்டை நல்லா உள்பக்கமா மடக்கிக்கிட்டு, அப்படியே கையை இறுக்கி மூடிப் பாருங்க. வலு வராது. இப்ப மணிக்கட்டை லேசா பின்னால தூக்கி வெச்சுக்கிட்டு மூடுங்க. வருதா? மணிக்கட்டைப் பின்னால நிறுத்தி வெக்கிற தசைகள் முன்கையோட மறுபக்கம் இருக்கு. அது சோர்ந்துட்டா மணிக்கட்டு உள்ள சரியும், பிடியும் தளரும். அதனால வெறுமனே அமுக்கிக்கிட்டே இருந்தா போதாது. விரிக்கவும் பயிற்சி வேணும்.

இன்னொரு விஷயம். தசை கொஞ்ச வாரத்துலயே வலுவாக ஆரம்பிச்சுடும். தசைநாண் அப்படி இல்ல, அது அரசாங்க ஃபைல் மாதிரி மெதுவாத்தான் நகரும். வயசு ஆக ஆக இன்னும் மெதுவா. தசை "நான் ரெடி"ங்கும், நாண் "இன்னும் கையெழுத்து ஆகல"ங்கும். அதைக் கேக்காம ஒரே வாரத்துல சுமையை ஏத்தினா வீக்கமும் வலியும்தான் மிச்சம். ஆக, நடுவயசுக் கைக்கு ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கறப்போ முதல் கேள்வி "எவ்ளோ கடினம்?"கறது இல்ல. "எவ்ளோ சின்னச் சின்னப் படியா இதுல ஏற முடியும்?"கறதுதான்.

ஸ்பிரிங் மேல எனக்கென்ன கோவம்?

எங்க சித்தப்பா அப்பாவுக்கு ஒண்ணு வாங்கிக் கொடுத்திருந்தாரு. பிளாஸ்டிக் கைப்பிடி, நடுவுல திருகற டயல், அதுல கிலோ எழுதியிருக்கும். பாக்கறதுக்கு நல்லா ஷோக்காத்தான் இருக்கு. ஆனா மூணு சிக்கல்.

ஒண்ணு, அந்தக் கிலோ கணக்கு. இது ஒரு நெம்புகோல். கைப்பிடியோட நுனியைப் பிடிச்சா லேசா இருக்கும், ஸ்பிரிங் பக்கமா தள்ளிப் பிடிச்சா கஷ்டமா இருக்கும். அதே டயல், அதே எண்! நேத்து 20, இன்னைக்கு 20ன்னு நோட்டுல எழுதினா அது ரெண்டும் ஒரே 20 இல்ல. அளவு நிலையா இல்லாத டெஸ்ட் கேஸை வெச்சு ரிலீஸ் பண்ண முடியுமா?

ரெண்டு, ஸ்பிரிங் விரிஞ்சிருக்கும்போது லேசா இருக்கும், மூட மூடக் கடினமாகும். நம்ம கையோ நடுவாந்தரமா மடங்கியிருக்கும்போதுதான் அதிக வலுவோட இருக்கும், முழுசா மடங்க மடங்க வலு குறையும். அதாவது கை எங்க பலவீனமோ அங்க கருவி உச்சத்துல நிக்குது. வலுவான இளவட்டங்களுக்கு அது ஒரு சவால். வலுவைத் திரும்பக் கட்டறவங்களுக்கு அது ஒரு சுவர்.

மூணு, படிகளோட உயரம். அமெரிக்காவுல அயர்ன்மைண்ட் கம்பெனியோட 'கேப்டன்ஸ் ஆஃப் க்ரஷ்'னு ஒரு வரிசை இருக்கு. இந்த உலகத்துல ரொம்ப மதிப்பான பேரு. அதுல ஆகக் குறைஞ்சது 60 பவுண்டு, சுமார் 27 கிலோ. உச்சம் 365 பவுண்டு, சுமார் 165 கிலோ. பிடி வலுவையே விளையாட்டா வெச்சிருக்கிறவங்களுக்கு அருமையான சாமான்தான், மறுக்கல. ஆனா 60-க்கு அடுத்தது 80. ஒரே எட்டுல மூணுல ஒரு பங்கு கூடுது! மாடிப்படியில ஒரு படி ஒண்ணரை அடின்னா நம்மாளு எப்படிங்க ஏறுவாரு?

யாரோட கை?

இப்பதான் மேட்டருக்கே வர்றேன்.

அப்பா அந்த ஸ்பிரிங்கை டிவி பாத்துக்கிட்டே அமுக்குவாரு. ஒரு நாள் அம்மா கையில கொடுத்துப் பாத்தோம். அம்மாவோட சுண்டுவிரல் அந்தக் கைப்பிடியை எட்டவே இல்ல. மூணு விரலால பாதி தூரம் கூட மூட முடியல. திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது யாருக்குடா செஞ்சது?"ன்னு கேட்டாங்க.

யாருக்குச் செஞ்சதுன்னு அட்டைப் பெட்டியிலயே போட்டிருந்துச்சு. நரம்பு புடைச்ச முன்கையோட ஒரு இருபத்தஞ்சு வயசுப் பையன் படம். அவனுக்கு இது தேவையே இல்ல :-)

அதுக்கப்புறம்தான் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. ஊறுகா பாட்டிலைப் பக்கத்து வீட்டுப் பொண்ணுகிட்ட கொடுத்துத் திறந்துக்கறாங்க. மிக்ஸி ஜார் மூடியைத் திருகறதுக்குத் துணியைச் சுத்திக்கறாங்க. இடுக்கியில சாம்பார் சட்டியைப் பிடிச்சு இறக்கும்போது ரெண்டு தடவை நழுவியிருக்கு. கொதிக்கிற சாம்பாருங்க! "கால்ல படல, தரையிலதான் கொட்டுச்சு"ன்னு சாதாரணமா சொல்றாங்க. அப்பா, "சொல்லவே இல்லையே நீ?"ன்னாரு. "இதையெல்லாம் போயி என்னத்தச் சொல்றது, வயசாச்சு"ன்னாங்க. 52 ஒரு வயசா?

பிசியோதெரபிஸ்ட்கிட்ட ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போய் அளவுமானியில அளந்தோம். அப்பா 31 கிலோ, அம்மா 16. ஆசிய நாட்டு மருத்துவர்கள் குழு ஒண்ணு 2019-ல ஒரு எல்லைக்கோடு போட்டிருக்கு. ஆம்பளைங்களுக்கு 28 கிலோவுக்குக் கீழ, பொம்பளைங்களுக்கு 18 கிலோவுக்குக் கீழ போனா வலுக் குறைவுன்னு கணக்கு. அதாவது கருவி வந்தது அப்பாவுக்கு, தேவை இருந்தது அம்மாவுக்கு.

என்னோட கருத்து இதுதான்: கைப்பிடிக் கருவிச் சந்தை மொத்தமும் வலு இருக்கிறவங்களைப் பாத்துத்தான் கடை விரிச்சிருக்கு. வலு தேவைப்படறவங்க அந்தப் படத்துலயே இல்ல. அதனால அவங்களுக்குக் கருவி தேடறவங்க விளையாட்டுச் சாமான் கடையை விட்டுட்டு வீட்டுக்குள்ள தேடணும்.

நாலு பிடி, நாலு சாமான்

1) தூக்கிப் பிடிக்கிற பிடி. இதுக்குத்தான் கட்டைப்பை. ஜவுளிக்கடையில பட்டுப்புடவை எடுத்தா கொடுப்பாங்களே, மேல ரெண்டு கட்டையோட, அதேதான். தமிழ்நாட்டுல ஒவ்வொரு வீட்டுப் பரண்லயும் பத்தாவது கிடக்கும். உள்ள ஒரு லிட்டர் தண்ணி பாட்டில்களைப் போடுங்க. ஒரு லிட்டர்னா ஒரு கிலோ, எந்த டயலும் பொய் சொல்ல முடியாது. ரெண்டு கையிலயும் ஒவ்வொரு பை, முதுகு நேரா, ஹால்ல மெதுவா நடை. படிக்கட்டுல வேணாம். 20லேர்ந்து 30 விநாடி, அப்புறம் இறக்கி வெச்சு ஓய்வு, இப்படி மூணு தடவை. மூணு தடவையும் 45 விநாடி நிம்மதியா நிக்குதுன்னா ஒரு அரை லிட்டர் பாட்டிலைச் சேருங்க. அரைக் கிலோ! மேல சொன்ன 9 கிலோ எட்டோட இதை ஒப்பிட்டுப் பாருங்க. அம்மா கைக்கு 4 கிலோவுல ஆரம்பிச்சோம்.

கட்டை மெலிசா இருந்து கையை அறுத்தா ஒரு துண்டைச் சுத்துங்க. இன்னும் கொஞ்சம் சுத்தினா கைப்பிடி தடிமனாகும், பிடிக்கறது கஷ்டமாகும். ஜிம்காரங்க இதுக்குன்னு ரப்பர் உறை விக்கறாங்க. அதுல பேர் போன ஒண்ணு 2¼ அங்குலத் தடிமன், சின்னக் கைக்கு ரொம்பவே அதிகம். துண்டுன்னா நம்ம கைக்கு ஏத்த தடிமனை நாமளே வெச்சுக்கலாம்.

2) கிள்ளிப் பிடிக்கிற பிடி. சாவி, இடுக்கி, பாட்டில் மூடி எல்லாம் இந்த வகை. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலோட பக்கத்துக்கும் நடுவுல பிடிக்கறதுக்குச் சாவிப் பிடின்னே மருத்துவத்துல பேர் இருக்கு. பூட்டுக்குப் பேர் போன திண்டுக்கல்ல உட்கார்ந்துக்கிட்டு இதைக் கேக்கும்போது கொஞ்சம் பெருமையாத்தான் இருக்கு :-) இதுக்கு ஆசாரிகிட்ட ஒரு சின்ன மரத்துண்டு கேட்டு வாங்கினோம். ஒண்ணரை அங்குலத் தடிமன், ஓரத்தை இழைச்சு, கீழ ஒரு கொக்கி. கொக்கியில அதே கட்டைப்பை. கட்டையைப் பெருவிரலுக்கும் மத்த நாலு விரலுக்கும் நடுவுல வெச்சுத் தூக்கணும். ஒரு கிலோவுல ஆரம்பிங்க, இதுல வேகம் வேணாம். பெருவிரல் அடி மூட்டுல தேய்மானம் இருக்கிறவங்க இதைத் தொடவே வேணாம். அந்தத் தேய்மானம் மாதவிடாய் நின்ன பெண்களுக்கு நிறையவே வருது.

3) அமுக்கிப் பிடிக்கிற பிடி. ஸ்பிரிங்குக்குப் பதிலா தெரபி புட்டின்னு பிசையற களி மாதிரி ஒண்ணு விக்குது. மென்மையானது, நடுத்தரம், கடினம்னு கலர் கலரா கிடைக்கும். கலர்க் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால கலரை நம்பாம மேல எழுதியிருக்கறதைப் படிச்சு வாங்குங்க. கை எந்த அளவோ அந்த அளவுக்கு அது வளைஞ்சு கொடுக்கும், அதுதான் அதோட அழகு. வாங்க மனசில்லையா? சப்பாத்தி மாவு. எங்க வீட்டுல இப்ப மாவு பிசையறது அப்பாவோட டிபார்ட்மெண்ட். ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. (இந்த வரியைப் படிச்சுட்டு எத்தனை தங்கமணிகள் எனக்கு நன்றி சொல்வாங்களோ!)

ஸ்பாஞ்சுப் பந்து? மாவுக்கட்டு பிரிச்ச புதுசுல விரல் அசையறதுக்கு நல்லது. ஆனா அது எப்பவும் அதே பந்துதான். மூணாவது மாசமும் அதையே அமுக்கிட்டு இருந்தா, கை பழகிடும், வளராது.

4) விரிக்கிற வேலை. இதுதான் எல்லாரும் மறக்கறது. அஞ்சு விரலையும் குவிச்சு, மேல ரப்பர் பேண்டைப் போட்டு, பூ மாதிரி விரிங்க. 15 தடவை. லேசா ஆயிடுச்சுன்னா இன்னொரு ரப்பர் பேண்ட். செலவு ரெண்டு ரூபா கூட இல்ல. நாள் பூரா மவுஸ் பிடிச்சு ஆணி புடுங்கற நம்மள மாதிரி ஆளுங்களும் இதைச் செய்யலாம். இன்னொரு வழி, ஒரு பாத்திரத்துல அரிசியை நிரப்பி அதுக்குள்ள கையை விட்டு விரிச்சு மூடறது. வெளிநாட்டுல விளையாட்டு வீரர்களே பண்றாங்க. எங்கம்மாகிட்ட சொன்னேன். "சோத்து அரிசியில கையை விட்டு ஆட்டுன, பாத்துக்க"ன்னு ஒரு பார்வை. ஆத்து மணல்ல பண்ணிக்கறேன் தாயே.

கர்லாக்கட்டையைப் பத்தியும் கேப்பீங்க. நம்ம ஊர்ச் சொத்து, மணிக்கட்டுக்கும் தோளுக்கும் அருமையான சாமான். ஆனா சுத்தும்போது எடை நுனியில இருக்கறதால மணிக்கட்டுல இழுவை பல மடங்கு. சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தா, லேசான கட்டையோட, மேல சொன்ன நாலும் பழகினதுக்கப்புறம் போங்க.

"வீட்டு வேலை செஞ்சாலே போதுமே?"

இந்தப் பதிவுக்கு வரப்போற முதல் பின்னூட்டம் இதுதான்னு தெரியும். "அந்தக் காலத்துல அம்மியில அரைச்சாங்க, ஆட்டுக்கல்லுல ஆட்டினாங்க, கிணத்துல தண்ணி இறைச்சாங்க, எந்தக் கருவி வாங்கினாங்க?"

அம்மியும் ஆட்டுக்கல்லும் வலு கொடுத்துச்சுங்கறது நிஜம்தான். வாளியோட கயித்தை இழுக்கறது நான் மேல சொன்ன முதல் பிடியேதான். ஆனா ரெண்டு விஷயம். அன்னைக்கு அந்த வேலையை யாரும் விரும்பிச் செய்யல. எங்க பாட்டி ராத்திரியில கைக்கு விளக்கெண்ணெய் தேய்ச்சுக்கிட்டே படுப்பாங்கன்னு அம்மா சொல்வாங்க. கிரைண்டர் வந்தது ஒரு விடுதலை. அதைப் பழையபடி பரண்ல ஏத்திட்டு அம்மியைக் கழுவச் சொல்ற ஆம்பளைங்க, முதல்ல தாங்களே ஒரு வாரம் அரைச்சுக் காட்டட்டும்.

ரெண்டாவது, வீட்டு வேலை கையை உழைக்க வெக்குது, வளர்க்கறது இல்ல. துணி பிழியறது, பாத்திரம் தேய்க்கறது எல்லாம் தினம் அதே சுமை, அதே அசைவு, ஓய்வு நாளே இல்லாம. வலு கூடணும்னா சுமை கொஞ்சம் கொஞ்சமா கூடணும், நடுவுல ஓய்வும் வேணும். எங்கம்மா முப்பது வருஷமா துணி பிழியறாங்க. அளவுமானி 16தான் காட்டுச்சு. வீட்டு வேலையே போதும்னா அது முப்பதுல்ல காட்டியிருக்கணும்?

அதனால பயிற்சி வாரத்துக்கு மூணு நாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள். மொத்தம் பதினஞ்சு நிமிஷம். அந்தப் பதினஞ்சு நிமிஷத்துக்கு அம்மா வேலையில ஒண்ணை வேற யாராவது எடுத்துக்கணும். இது முக்கியம். இருக்கிற வேலை மேல இன்னொரு வேலையா இதையும் ஏத்தி வெச்சா ரெண்டே வாரத்துல கட்டைப்பை பரணுக்குப் போயிடும்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி டாக்டர்

எல்லா பலவீனமும் பயிற்சியில சரியாகாது. பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப் போகுது, ராத்திரி தூக்கத்துல கையை உதறி எழுந்திருக்காங்கன்னா மணிக்கட்டுல நரம்பு அமுங்கியிருக்கலாம். அப்ப அமுக்கற பயிற்சி செஞ்சா இன்னும் மோசமாகலாம். விரல் மடங்கி டக்குனு மாட்டிக்கிட்டு விரியுதுன்னா அது வேற பிரச்சனை. சர்க்கரை இருக்கிறவங்களுக்கு அது சகஜம், நம்ம ஊர்ல சர்க்கரை இல்லாத வீடு ஏது? பெருவிரல் அடியில வலின்னா மூட்டுத் தேய்மானமான்னு பாக்கணும். ஒரே பக்கக் கை திடீர்னு தளர்ந்து போச்சுன்னா, வாய் கோணுது, பேச்சு குழறுதுன்னா, ஒரு நிமிஷம் கூட யோசிக்காம 108.

ரத்த அழுத்தம் இருக்கிறவங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு எதையும் தூக்கக் கூடாது, அழுத்தம் எகிறும். சத்தமா எண்ணிக்கிட்டே செய்யச் சொல்லுங்க. எண்ணும்போது மூச்சை அடக்க முடியாது. குறைஞ்ச அழுத்தத்துல ரெண்டு நிமிஷம் பிடிச்சு விடற பயிற்சியால ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்குதுன்னு ஆய்வுகள் இருக்கு. ஆனா அதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திடாதீங்க சாமி.

பாரத்தைக் குறைக்கிற சாமானும் கருவிதான்

இதைச் சொன்னா வீரர்களுக்குக் கோவம் வரும். பரவால்ல. கை வலு கூடறதுக்கு மாசக்கணக்கு ஆகும். அதுவரைக்கும் சாம்பார் சட்டி காத்திருக்காது. அதனால முதல் நாளே வாங்க வேண்டியது வேற: பாட்டில் மூடி திறக்கிற ரப்பர் பிடிமானம், தடிமனான பிடி வெச்ச கத்தி, ரெண்டு பக்கமும் காது வெச்ச பாத்திரம். எங்க வீட்டுல இடுக்கிக்குச் சங்கு ஊதிட்டோம். கைத்துணியோட ரெண்டு கையாலயும் தூக்கற சட்டி வந்தாச்சு. "இதையெல்லாம் வாங்கினா கை சோம்பேறியாயிடும்"னு அப்பா சொன்னாரு. கண்ணாடி போட்டா கண்ணு சோம்பேறியாயிடுமாப்பான்னு கேட்டேன். அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே சமையல்கட்டுப் பக்கம் போயிட்டாரு.

ஆக, வாங்கற வரிசை

முதல்ல ரெண்டு பேரையும் ஒருதரம் அளந்துக்குங்க. அளவுமானி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்குது, ஆனா வீட்டுக்கு வேண்டியதில்ல. ஆறு மாசத்துக்கு ஒருதரம் பிசியோதெரபிஸ்ட்கிட்ட அமுக்கிப் பாத்தா போதும். அடுத்தது பாரம் குறைக்கிற சாமான். அப்புறம் ரப்பர் பேண்ட், கட்டைப்பை. தேவைன்னா புட்டி. மரத்துண்டு கடைசி. ஸ்பிரிங் வேணும்னா இதையெல்லாம் தாண்டி ஒரு வருஷம் கழிச்சு, ஆசைக்கு.

எதை வாங்கினாலும் கூட ஒரு நோட்டு. தேதி, எத்தனை லிட்டர், எத்தனை விநாடி. அம்மா ஏற்கனவே பால் கணக்கு எழுதற நோட்டுலயே பின்பக்கத்துலேர்ந்து எழுதறாங்க. நாலு மாசத்துல 4 லிட்டர் எட்டரை லிட்டராச்சு. அளவுமானியில 16, பதினெட்டரையாச்சு. அப்பா 31லேர்ந்து 33. பெரிய சாதனைன்னு மார்தட்ட ஒண்ணுமில்ல, கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க இந்தப் பக்கம் வந்திருக்காங்க. ஊறுகா பாட்டிலை இப்ப யார் திறக்கறாங்கன்னு கேட்டேன். "பழைய பாட்டில்னா நானே. புதுசுன்னா இன்னும் உங்கப்பாதான்"னாங்க.

இந்த வாரம் ஊருக்குப் போறவங்க, அம்மாகிட்ட ஒரு ஊறுகா பாட்டிலைக் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்க. "எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டா நல்லா இருக்கேன்னுதான் சொல்வாங்க. பாட்டில் உண்மையைச் சொல்லும்.

உங்க வீட்டுல வேற ஏதாவது உருப்படியா வழி வெச்சிருந்தா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. குறிப்பா துணி பிழியறதுக்குச் சுலப வழி. அம்மா கேக்கச் சொன்னாங்க.

டிஸ்கி 1: எந்தக் கட்டைப்பைக் கடைக்காரரும் எனக்குக் காசு கொடுக்கல. கொடுத்தா வாங்கிக்கத் தயார்.

டிஸ்கி 2: சித்தப்பா இந்தப் பதிவைப் படிக்க மாட்டாருங்கற நம்பிக்கையிலதான் எழுதியிருக்கேன். அந்த ஸ்பிரிங் வீண் போகல சித்தப்பா. துணி காயப்போடற கொடியில பெட்ஷீட் பறக்காம இருக்கறதுக்கு அதைத்தான் மாட்டி வெச்சிருக்கோம் :-)